குட்டை நெடுவில் தெரிவு செய்வது எப்படி? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டாரவளைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிலர் கூடி வில் பயில்கிறோம். தேயிலை மலையும் மரக்கறித் தோட்டமும் சந்திக்கும் ஒரு மண்திட்டுதான் எங்கள் மைதானம். புதிதாக வருகிறவர்களில் பலர் வெளிநாட்டு வேட்டைக்காரர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, கையடக்கமான மரவில் ஒன்றின்மேல் ஆசைப்பட்டு வருகிறார்கள். அந்த ஆசை எனக்கும் வந்ததுதான். காசைக் கொட்டுவதற்கு முன் அவர்கள் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

நெடுவில் என்றாலே நீளமானது. அதில் குட்டை எப்படி?

பெயர் நீளத்திலிருந்து வந்தாலும் இன்று அது வடிவத்தைத்தான் குறிக்கிறது. நாணேற்றிய வில்லைப் பக்கவாட்டில் பாருங்கள். நாண் இரண்டு நுனிகளை மட்டும் தொட்டு, வேறெங்கும் வில்லின்மேல் படியாமல் நின்றால் அது நெடுவில். நுனிகள் முன்னோக்கி மடிந்து, நாண் அவற்றின்மேல் சிறிது தூரம் படிந்து கிடந்தால் அது ரிக்கர்வ்.

பழைய ஆங்கிலேய நெடுவில் ஆளுயரத்தைத் தாண்டியது. 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட வில்கள் முழுதாகக் கிடைத்தன. அவை ஆறடிக்கு மேற்பட்ட யூ மரத்து வில்கள். அவை படைக்குச் செய்தவை. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் வில்லைத் தட்டையாக்கி, மரத்தின் இரு முகங்களிலும் கண்ணாடியிழைத் தகடு ஒட்டினார்கள். அதனால் நீளத்தைக் குறைத்தாலும் உடையாத வில் கிடைத்தது. இன்று 66 முதல் 70 அங்குலம் வரை சாதாரண நெடுவில். 64க்குக் கீழே போனால் குட்டை என்கிறோம். 56 முதல் 62 வரை வேட்டைக்காரர்களுக்கென்று விற்கிறார்கள்.

வேட்டைக்காரர்கள் ஏன் குட்டையானதைக் கேட்கிறார்கள்?

மரத்தில் கட்டிய பரணில் இருந்தும், சிறு கூடாரத்துக்குள் மண்டியிட்டும் எய்கிறார்கள். நீள வில் கிளையில் இடிக்கும், கூடாரத் துணியில் உரசும். புதருக்குள் நடக்கும்போதும் மாட்டிக்கொள்ளும்.

குட்டை வில்லுக்கு இன்னொரு பழைய நியாயமும் உண்டு. 1911இல் கலிபோர்னியாவில் தன் இனத்தில் தனியொருவராக மிஞ்சி வெளியே வந்த இஷி என்ற யாஹிப் பழங்குடி மனிதரிடம், சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் வில் கற்றார். இஷியின் வில் குட்டையானது. ஜூனிப்பர் மரத்தின் முதுகில் விலங்கின் தசைநார் ஒட்டியது. தூரத்து இலக்கில் போப்பின் நீள வில்லே நன்றாக எய்தது. ஆனால் இஷி தூரத்தில் எய்யவே விரும்பவில்லை. மிருகத்தின் அருகே போவதுதான் அவருடைய வித்தை. குட்டை வில்லோடு சேர்ந்து வர வேண்டிய குணம் அந்தப் பொறுமை.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று எய்யக் குட்டை வில்தானே நல்லது?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வில்லைப் பிடிக்கும் கை ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. 68 அங்குல வில்லுக்குப் பதில் 60 அங்குல வில் எடுத்தால் 8 அங்குலம் குறைகிறது. ஆனால் அதில் பாதி தலைக்கு மேலே குறைகிறது. கீழே உங்களுக்குக் கிடைப்பது 4 அங்குலம் மட்டும்.

நாலரை அடி உயரத்தில் தோள் இருக்கும் ஒருவர் 60 அங்குல வில்லை நிமிர்த்திப் பிடித்தால் அதன் கீழ்நுனி தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிற்கும். கொழுந்து எடுக்கும் செடி இடுப்பளவு. ஆக, 60 அங்குல வில்லும் செடிக்குள்தான் புதையும். தேயிலை நிரைக்குள் உதவுவது வில்லைச் சாய்த்துப் பிடிப்பது. மணிக்கூட்டில் ஒரு மணி காட்டும் முள்போல வலப்பக்கம் சாயுங்கள், இடம் குறுகினால் இரண்டு மணிவரை. இடுப்பையும் தலையையும் அதே அளவு சாய்க்க வேண்டும். இந்தச் சாய்வு வசப்பட்டவருக்கு 66 அங்குல வில்கூடத் தொந்தரவு தராது.

அப்படியானால் எனக்கு எத்தனை அங்குலம்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வில்லின் நீளத்தைக் காடு தீர்மானிப்பதில்லை. உங்கள் கை தீர்மானிக்கிறது.

சுவரில் முதுகை ஒட்டி, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நில்லுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். வந்த அங்குலத்தை 2.5ஆல் வகுங்கள். 64 வந்தால் 25.6. அதுதான் உங்கள் இழுநீளம், ஏறக்குறைய. அதாவது நாணை நீங்கள் பின்னுக்கு இழுக்கும் தூரம். எங்களிடம் வந்த ஆண்களில் பெரும்பாலோர் 25க்கும் 27க்கும் இடையில் நின்றார்கள். பெண்கள் 23 முதல் 25.

குட்டை வில்லை அதிகம் இழுத்தால் இரண்டு தொல்லை வரும். ஒன்று, நாண் கூர்மையாக மடிந்து, இழுக்கும் மூன்று விரல்களையும் ஒன்றாக நசுக்கும். அம்பின் பின்வெட்டை விரல்கள் கிள்ளிவிடும், அம்பு கோணலாகப் போகும். இரண்டாவது, கடைசி அங்குலங்களில் பாரம் திடீரென்று ஏறும். அதுவரை அங்குலத்துக்கு இரண்டு இரண்டரை இறாத்தலாகக் கூடி வந்தது, முடிவில் நான்கு ஐந்தாகிவிடும். சுவரில் முட்டியதுபோல் இருக்கும். அமைதியாக நின்று குறிபார்க்க முடியாது.

இழுநீளம் குறைந்தவர்களுக்கு இந்த இரண்டும் வருவதே இல்லை. 29 அங்குலம் இழுக்கும் நெடிய ஐரோப்பியருக்கு 58 அங்குல வில் விரலை நசுக்கும். 26 இழுக்கும் நமக்கு அதே வில் பட்டுப்போல் வரும். குட்டை நெடுவில் நம் ஆட்களுக்குப் பொருந்துவதற்கு உண்மையான காரணம் இதுதான், காடோ புதரோ காரணமில்லை.

26 வரை இழுப்பவர் 58 முதல் 60 எடுக்கலாம். 27க்கு 60 அல்லது 62. 28க்கு 62 அல்லது 64. அதற்கும் மேல் இழுப்பவர் குட்டை வில்லை மறந்துவிட்டு 66க்குப் போவது நல்லது. ஐயமாக இருந்தால் இரண்டு அங்குலம் நீளமானதையே எடுங்கள். சற்று நீண்ட வில் விரல் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். குட்டை வில் அவற்றை உடனே இலக்கில் எழுதிக் காட்டிவிடும்.

வில்லில் 45 இறாத்தல் என்று எழுதியிருக்கிறது. எனக்கும் 45தானா?

இல்லை. அந்த எண் 28 அங்குலம் இழுக்கிறவருக்கு. உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் அந்த ஒரே நீளத்தில்தான் இழுவிசையை, அதாவது நாணை இழுக்கத் தேவையான பலத்தை, அளந்து எழுதுகிறார்கள். பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை 26¼ அங்குலம், அதோடு 1¾ கூட்டினால் 28. நீங்கள் 26 இழுத்தால் 45 என்ற வில் உங்கள் கையில் 40 இறாத்தல்தான். 25 இழுத்தால் 38க்குப் போகும்.

சந்தேகமிருந்தால் நிறுத்துப் பாருங்கள். கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு எந்தத் தோட்டத்திலும் உண்டு. தராசை உத்தரத்தில் கட்டி, அதன் கொக்கியில் நாணின் நடுவை மாட்டுங்கள். மெல்லிய குச்சி ஒன்றில் உங்கள் இழுநீளத்தைக் கோடு போட்டு, அம்பு வைப்பதுபோல் நாணில் வையுங்கள். ஒருவர் பிடியைப் பற்றிக் கீழே இழுக்க வேண்டும். கோடு வில்லின் முன்முகத்துக்கு வந்ததும் இன்னொருவர் தராசைப் படிக்க வேண்டும். 18 கிலோ காட்டினால் 40 இறாத்தல். 16 காட்டினால் 35. நாங்கள் முதன்முதலில் இப்படி நிறுத்த அன்று, 50 என்று எழுதிய வில் அதை வாங்கியவரின் இழுநீளத்தில் 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் காட்டியது. 46 இறாத்தல்கூட இல்லை. அதுவரை 50 இழுக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்த அவர் முகம் வாடியது. ஆனால் அதற்குப் பிறகுதான் அவருக்குச் சரியான அம்பு கிடைத்தது.

எவ்வளவு இழுவிசையில் தொடங்கலாம்?

உங்கள் இழுநீளத்தில் 30 முதல் 35 இறாத்தல். உடலுழைப்பில் வளர்ந்தவர் என்றாலும் இதற்கு மேல் வேண்டாம். மூட்டை தூக்கும் தசை வேறு, வில் இழுக்கும் தசை வேறு. தோள்பட்டை எலும்புகளை முதுகுக்கு நடுவே ஒடுக்கி இழுக்கப் பழக ஒரு வருடம் ஆகும். பாரம் கூடினால் உடல் குறுக்குவழி தேடும்: தோள் மேலே ஏறும், முழங்கை சுருங்கும், கை முகத்தைத் தொடுவதற்கு முன்பே விரல் நாணை விட்டுவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் உரித்தெடுப்பது மிகக் கடினம்.

நான் 55 இறாத்தலில் தொடங்கினேன். விற்றவர் "ஆண்பிள்ளைக்கு இதற்குக் குறைவாகக் கொடுப்பதில்லை" என்றார். நானும் நம்பினேன். மூன்றாம் மாதம் வலது தோள் பிடித்துக்கொண்டது. ஆறு மாதம் சட்டை மாட்டவே சிரமப்பட்டேன். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது வில்லுக்கும் பொருந்தும்.

ஒரு சோதனை: வில்லை முழுதாக இழுத்து, முகத்தில் கை வைத்தபடி பத்து எண்ணுங்கள். கை நடுங்காமல் எண்ண முடிந்தால் அந்த வில் உங்களுடையது. பிறகு நாணை மெதுவாக முன்னே விடுங்கள். அம்பில்லாமல் ஒருபோதும் நாணை விட்டுவிடக் கூடாது. அம்பு கொண்டுபோக வேண்டிய வலிமை முழுதும் மரத்துக்குள் திரும்பி அதை உடைக்கும்.

பெண்கள் இழுக்கலாமா?

தாராளமாக. எங்களில் மிகச் சீராக எய்பவர் ஒரு பெண். கொழுந்துக் கூடையோடு மலையேறிப் பழகிய முதுகு அவருக்கு. 24 அங்குல இழுநீளம், 56 அங்குல வில், 28 இறாத்தல். பதினைந்து மீட்டரில் அவர் அம்புகள் ஒரு தேங்காய் மட்டை அகலத்துக்குள் விழும்.

ரிக்கர்வ் வாங்கினால் என்ன?

அதே இழுவிசையில் ரிக்கர்வ் கொஞ்சம் வேகமாக எய்யும். கழற்றி மாட்டும் வகை பஸ்ஸில் கொண்டுபோக எளிது. விலையும் பெரும்பாலும் குறைவு. முதல் வில்லாக ஒரு மலிவான ரிக்கர்வ் வாங்கிப் பழகி, பிறகு நெடுவில்லுக்கு வருவதை நான் தடுக்க மாட்டேன். நெடுவில்லின் அழகு அதன் எடையின்மையும் மௌனமும். நுனி மடியாததால் வில் ஒருபக்கமாக முறுக்கிக்கொள்வதும் குறைவு.

சிலது நேராக இருக்கிறது, சிலது நெளிந்திருக்கிறது. எது?

நாண் அவிழ்த்த வில்லைத் தரையில் கிடத்திப் பாருங்கள். நேராகவோ எய்பவரை நோக்கி லேசாக வளைந்தோ இருந்தால் அது ஹோவர்ட் ஹில் (1899–1975) என்ற அமெரிக்க வில்லாளர் பிரபலமாக்கிய வகை. பிடிக்கு அருகில் உள்நோக்கிப் போய், நுனிக்கு வருமுன் வெளிநோக்கி நெளிந்தால் அது பிற்கால வகை. நேர் வகை அம்பை விட்டதும் கையில் ஒரு உதறல் கொடுக்கும். சிலருக்கு முழங்கை வரை எட்டும். நெளிந்த வகையில் அந்த உதறல் குறைவு, வேகம் கூடுதல்.

62 அங்குலத்துக்குக் கீழே வாங்குவதானால் நெளிந்ததையே வாங்குங்கள். அந்த நெளிவுதான் குட்டை வில்லின் கடைசி அங்குலங்களை மென்மையாக்குகிறது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

நுவரெலியாப் பனியில் மரவில் தாங்குமா?

கண்ணாடியிழைத் தகடு ஒட்டி வார்னிஷ் பூசிய வில்லுக்குப் பனியோ மழையோ பெரிய பகையில்லை. துடைத்துவிட்டுக் காயவிட்டால் போதும். முழு மரத்தில் செதுக்கிய வில் அப்படி இல்லை. காற்றின் ஈரத்தைக் குடித்து, நாணேற்றி வைத்த திசையிலேயே வளைந்து நின்றுவிடும், வலுவும் இறங்கும். இஷியின் வில்போல் தசைநார் ஒட்டியது இங்கே வேண்டவே வேண்டாம். விலங்குப் பசை ஈரத்தில் இளகும். 1,868 மீட்டர் உயரத்தில், மாதக்கணக்கில் மூட்டம் இறங்கும் ஊரில் அது நிலைக்காது.

மலையகத்தில் கண்ணாடியிழை வில்லுக்கு உண்மையான ஆபத்து வெயில்தான். பூட்டிய வேன் வெயிலில் நின்றால் உள்ளே சூடு ஏறி, தகடுகளை ஒட்டிய பசை இளகத் தொடங்கும். கொழும்பிலிருந்து வந்த ஒரு வில் பின்கண்ணாடிக்கு அடியில் ஒரு பகல் கிடந்தது. மாலையில் நாணேற்றியபோது வெற்றிலை கிழிவதுபோல் ஒரு சத்தம். மேல் பாதியில் தகடு விரலளவு பிரிந்து நின்றது.

வீட்டில் அடுப்புச் சுவரிலிருந்து தள்ளி, இரண்டு ஆணிகளின்மேல் படுக்கையாக வையுங்கள். மூலையில் சாய்த்து வைத்தால் கீழ்ப்பாதி முறுக்கும். எய்து முடிந்ததும் நாணை அவிழ்த்துவிடுங்கள். நாணேற்றும்போது காலுக்கிடையில் வில்லை நுழைத்து வளைக்கும் பழைய முறையைக் கைவிட்டு, இரு முனைகளிலும் மாட்டும் நாணேற்றுக் கயிற்றை வாங்குங்கள். முறுக்கிய குட்டை வில்களில் பெரும்பாலானவை காலுக்கிடையில்தான் முறுக்கின.

அம்பு எது?

வில்லுக்குச் செலவழிக்கும் அதே அக்கறையோடு அம்பைத் தேடுங்கள். நெடுவில்லில் அம்பு வில்லின் பக்கத்தில் கிடக்கிறது. விட்டவுடன் நேரே போக வழியில்லை. மீன் பாறையைச் சுற்றி நெளிவதுபோல் வில்லைச் சுற்றி வளைந்து நெளிந்து போய், பிறகுதான் நேராகிறது. அம்பு அளவுக்கு மேல் விறைப்பாக இருந்தால் வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் போகும், மெலிவாக இருந்தால் வலப்பக்கம். கார்பன் அம்புகளில் எழுதியிருக்கும் எண் பெரிதாகப் பெரிதாக அம்பு மெலிவு. உங்கள் கையில் 40 இறாத்தல் என்றால் 600இல் தொடங்கிப் பாருங்கள்.

எடை முக்கியம். கையில் வரும் ஒவ்வோர் இறாத்தலுக்கும் 10 கிரெயின் என்பது நல்ல அளவு. 40க்கு 400 கிரெயின், அதாவது 26 கிராம். நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், சிரிக்க மாட்டார்கள், ஆர்வமாகப் பார்ப்பார்கள். கனமான அம்பு வில்லின் உதறலையும் சத்தத்தையும் விழுங்கிவிடும். 8க்குக் கீழே இறங்கினால் வில்லுக்குக் கேடு.

இறகு உண்மையான பறவை இறகாக இருக்கட்டும். பிளாஸ்டிக் இறகு வில்லில் தட்டி அம்பை எகிறச் செய்யும். பறவை இறகு தட்டினால் மடிந்து கொடுக்கும். மழையில் நனைந்தால் படுத்துவிடும், அது ஒன்றுதான் குறை. உதறி, அடுப்பின் ஆவியில் ஒரு கணம் காட்டினால் மறுபடி எழுந்து நிற்கும்.

இந்த வில்லால் இங்கே வேட்டையாடலாமா?

நான் ஆடுவதில்லை. எங்களோடு பயில்கிறவர்களையும் ஆடவிடுவதில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மரையையும் புள்ளிமானையும் சிறுத்தையையும் காக்கிறது. வில்வேட்டைக்கு அனுமதிச்சீட்டு கொடுக்கும் அமெரிக்க முறை இங்கே இல்லை. பிரிட்டனிலும் காட்டு விலங்கை வில்லால் கொல்வது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காணொளியில் பார்ப்பது அந்த நாட்டுச் சட்டம், அந்த நாட்டுக் காடு.

இந்த மலைகள் வேட்டையைப் போதுமான அளவு பார்த்துவிட்டன. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் கல்லறை நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் யானை நடந்த மலைகள் பலவற்றில் இன்று அதன் தடம்கூட இல்லை.

ஆனால் காட்டுப்பன்றி உருளைக்கிழங்கை அழிக்கிறதே?

வெலிமடைக்காரர்கள் கேட்கும் கேள்வி. அவர்கள் இழப்பை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரே இரவில் ஒரு பாத்தி முழுதும் உழுத நிலமாகிவிடும். ஆனாலும் வில் அதற்கு மருந்தில்லை.

துப்பாக்கி ரவைபோல் அம்பு அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. சவரக்கத்திபோல் தீட்டிய அகல முனை நுரையீரலை அறுத்து, இரத்தம் போய்த்தான் விலங்கு சாகிறது. அதற்குள் நூறு மீட்டர் ஓடிவிடும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மானுக்கே குறைந்தது 35, 40 இறாத்தல் வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். பன்றியின் தோளில் தடித்த கேடயம்போல் தோலும் தசையும் இருக்கிறது. தேர்ந்த வேட்டைக்காரர்களே பதினைந்து இருபது மீட்டருக்குள், பகலில், பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் எய்கிறார்கள். இருட்டில், மூட்டத்தில், சரிவில் எய்தால் விளைவது காயம்பட்ட பன்றி. மறுநாள் காலை அது தேயிலைக்குள் படுத்திருக்கும். கொழுந்து பறிக்க முதலில் அந்த நிரைக்குள் கால் வைக்கப் போவது யாரோ ஓர் அக்கா.

பன்றிக்கென்று வைத்த கம்பிச் சுருக்கு என்ன செய்யும் என்பதை 2020 மே மாதத்தில் நல்லதண்ணியில் எல்லாரும் பார்த்தோம். அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று அதில் மாட்டி, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. பயிருக்கு வேலி போடுங்கள், இரவுக் காவலுக்கு அயலவர்களோடு முறை வையுங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தில் முறையிடுங்கள். வில்லைத் திட்டில் சாய்த்த சாக்கு இலக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டை இல்லையென்றால் வேட்டை வில் எதற்கு?

நடந்துகொண்டே எய்வதற்கு. காய்ந்த அடிமரம், மண்கட்டி, ஓலைப் பந்து என்று தூரம் தெரியாத இலக்குகளை, மேட்டிலும் பள்ளத்திலும் எய்து போவது வேட்டைக்காரர்களின் பழைய பயிற்சி. அதைவிட இனிய பொழுது எனக்கு வேறில்லை. கூரிய முனைக்குப் பதில் மழுங்கிய ரப்பர் முனை போட்டுக்கொள்ளுங்கள்.

வேடர்களின் வில்லைப் பின்பற்றலாமா?

பதுளையிலிருந்து மஹியங்கனை இறங்கினால் தம்பானை. வேடர் சமூகத்தின் வில்லைப் பார்த்தவர்கள் அது குட்டையில்லை என்பதைக் கவனித்திருப்பார்கள். ஆளுயர ஒற்றைத்தடி, பெரிய இரும்பு அலகு கொண்ட அம்பு. கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியான தன் நூலில் ஒரு செய்தி சொல்கிறார். வேடர்கள் இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து, இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பலகின் வடிவத்தை இலையில் வெட்டி வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் அதேபோல் அடித்துக் கொடுத்தால் மறுபடி இறைச்சி வரும். அளவைச் சொல்ல ஓர் இலை போதுமாக இருந்தது. அந்த வில் அவர்கள் காட்டுக்கும் கைக்கும் வளர்ந்தது. மரியாதையோடு பார்த்துக் கற்கலாம்.

மூங்கிலில் நானே செய்யலாமா?

செய்யுங்கள். மாசியில் காமன் கூத்துக்கு மன்மதன் கையில் வில் கட்டிக்கொடுத்த தாத்தாக்கள் இருக்கும் தோட்டங்களில் இதற்குக் கைகள் இன்னும் உண்டு. கூத்து வில் இழுப்பதற்கு இல்லை, அது வேறு. முற்றிய, தடித்த சுவருள்ள மூங்கிலை மழையில்லாத மாதத்தில் வெட்டி, பிளந்து, அடுப்புக்கு மேலே பரணில் மாதக்கணக்கில் காயவிடுங்கள். பச்சைத் தோல் பக்கம் இலக்கை நோக்கி இருக்க வேண்டும். இழுவிசையைத் தாங்கும் நார் அங்கேதான் நெருக்கமாக இருக்கிறது. அந்தத் தோலில் கத்தி படவே கூடாது. செதுக்குவதெல்லாம் வயிற்றுப் பக்கத்தில். கொஞ்சம் செதுக்கி, கொஞ்சம் வளைத்து, இரு பாதிகளும் ஒரேமாதிரி வளைகின்றனவா என்று தூர நின்று பார்த்து, மறுபடி செதுக்க வேண்டும். கண்ணாடியிழை இல்லாத வில்லைக் குட்டையாகச் செய்ய ஆசைப்படாதீர்கள். உங்கள் இழுநீளத்தின் இரண்டு மடங்கோடு பத்து அங்குலம் கூட்டினால் வரும் நீளத்துக்குக் குறைவாகப் போகாதீர்கள்.

சரிவில் எய்யும்போது அம்பு ஏன் மேலே போகிறது?

அம்பை மண் இழுப்பது கிடைத்தூரத்துக்குத் தக்கபடிதான். 30 பாகை சரிவில் 25 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கு, கிடையாக அளந்தால் 22 மீட்டருக்கும் குறைவு. ஏற்றமானாலும் இறக்கமானாலும் கொஞ்சம் தாழ்த்தி எய்யுங்கள். கையை மட்டும் ஏற்றி இறக்காமல் இடுப்பிலிருந்து உடலை மடக்குங்கள். இல்லாவிட்டால் இழுநீளம் மாறிவிடும்.

இலக்குக்குப் பின்னால் மண்சுவர் வேண்டும். பழந்துணி அடைத்த உரப்பைகளை மலை வெட்டிய திட்டில் சாய்த்து வைப்பது எங்கள் வழக்கம். பின்னால் மண் தடுக்காத இறக்கத்தை நோக்கி எய்யவே மாட்டோம். தவறிய அம்பு நூறு மீட்டருக்கும் அப்பால் போகும். மலையில் நமக்குக் கீழே எப்போதும் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம் இருக்கிறது.

பாவித்த வில் வாங்குகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் எந்தக் கை என்று பாருங்கள். வலக்கையால் நாண் இழுப்பவருக்கான வில்லில் அம்பு உட்காரும் வெட்டு இடப்பக்கம் இருக்கும். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களால் சிறு ஓட்டை அமைத்து, இரு கண்ணும் திறந்தபடி தூரத்து விளக்குக் கம்பத்தை அதற்குள் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணுக்குக் கம்பம் நகராமல் நிற்கிறதோ அந்தப் பக்கத்துக் கை நாணை இழுப்பது நல்லது.

அடுத்து நாணேற்றிய வில்லை நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நாண் நடுக்கோட்டில் ஓட வேண்டும். ஒருபக்கம் விலகினால் முறுக்கு இருக்கிறது. பிடியிலிருந்து நாண் வரை 6 முதல் 7½ அங்குலம் இருக்கட்டும். பழைய வில்லென்றால் நுனிகள் டாக்ரான் என்ற, சற்று நீண்டு கொடுக்கும் செயற்கை இழை நாணுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும். இன்றைய நீளாத நாண் அவற்றைப் பிளந்துவிடும்.

கடைசியாக ஒரு பஞ்சுத்துண்டை எடுத்து இரு பாதிகளிலும் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். பஞ்சு எங்கே இழைவிட்டு மாட்டுகிறதோ அங்கே ஒரு சிம்பு எழும்பியிருக்கிறது. அந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வில்லின் நீளத்தோடு ஓடும் மெல்லிய கோடு பெரும்பாலும் பூச்சில் விழுந்தது, பயமில்லை. குறுக்கே கோடு ஓடினால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வில்லை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.